மேடையை மறைக்கும் கைகள்

2025 ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமையொன்றில், பிளானோவிலுள்ள பள்ளி மண்டபமொன்றில் நடைபெற்ற இசைமாலைக்குச் சென்றிருந்தோம். மாலை ஆறு மணிக்கு ஆரம்பம் என்று அழைப்பிதழிற் கண்டிருந்தது. எம்மவர் வழக்கம் தவறாது ஆறே முக்காலுக்கு மங்கள விளக்கு ஏற்றப்பட்டது. முற்பாதியில் இவ்வூர்ப் பிள்ளைகளின் வாய்ப்பாட்டு. பிற்பாதியில் சென்னையிலிருந்து வந்திருந்த பாடகர் ஒருவரின் நிகழ்ச்சி.

மண்டப விளக்குகள் தணிந்தன. பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி மேடைக்கு வந்து, அவையை வணங்கி, சுருதியோடு குரலை இணைக்கத் தொடங்கினாள். அக்கணமே எமக்கு முன்வரிசையில் இருந்த தாயார் ஒருவர் தமது கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலாக உயர்த்தினார். உயர்த்திய கை ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடங்கள் இறங்கவேயில்லை. வலக்கை சோர்ந்தபோது இடக்கைக்கு மாற்றினார். இடக்கை நடுங்கியபோது இரண்டு கைகளாலும் தாங்கினார். நாம் அச்சிறுமியை மேடையிற் காணவில்லை. இரண்டு விரற்கடை உயரத்தில், அத்தாயாரின் திரைக்குள்ளேதான் கண்டோம். எமக்குப் பக்கத்தில் இருந்த முதியவர், மகனின் வாகனத்தில் ஒரு மணித்தியாலம் பயணஞ்செய்து வந்தவர், இருமுறை செருமிப் பார்த்தார். பயனில்லை.

இடைவேளையில், சற்றுப் பதித்துப் பிடித்தால் நல்லது என்று பண்பாகச் சொல்லலாம் என எழுந்து சென்றோம். நாம் வாய் திறக்குமுன் அத்தாயாரின் கைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

"பிள்ளை தண்ணி குடிச்சவளோ? தொண்டை காய்ஞ்ச மாதிரிக் கிடந்தது."

திரையிலே ஒரு மூதாட்டி தெரிந்தார். அவர் பின்னால் இருந்த சாளரத்தில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திற்கும் பிளானோவிற்கும் அக்காலத்திற் பத்தரை மணித்தியால வேறுபாடு. எமக்குச் சனி மாலையென்றால் அங்கே ஞாயிறு அதிகாலை. அழைப்பிதழை நம்பி நான்கு மணிக்கே எழுந்து, முகங்கழுவித் திருநீறு பூசி, பேர்த்தியின் பாட்டுக்காகக் காத்திருந்தாராம். இருமுறை விசாவுக்கு விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. மகளுடைய தஞ்சக்கோரிக்கை வழக்கோ இன்னும் முடியவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கையில் பிறந்த மண்ணுக்குப் போய்வந்தால் வழக்கையே கைவிட்டதாகக் கொள்ளப்படக்கூடும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாயும் மகளும் நேரிற் கண்டு பல்லாண்டுகள் ஆகின்றன. பேர்த்தியை அம்மம்மா ஒருநாளும் தொட்டதில்லை.

சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே எமது ஆசனத்திற்குத் திரும்பினோம்.

ஆயினும், அந்த முதியவரும் எம் நினைவிலிருந்து அகலவில்லை. அவரும் ஊரை விட்டு வந்தவரே. வாரம் முழுவதும் நான்கு சுவருக்குள் இருந்து, ஒரு மாலைப்பொழுதிற் பாட்டுக் கேட்கவென்று வெளிக்கிட்டு வந்தவர். அவர் கண்டதும் ஒரு கையின் பின்புறமே. ஒருவருடைய நியாயம் மற்றவருடைய இழப்பாகிவிட்ட இச்சிக்கலைப் பற்றி எம்மிடையே எவரும் மனந்திறந்து பேசியதாகத் தெரியவில்லை. "கைத்தொலைபேசிகளை நிறுத்தி வையுங்கள்" என்று அறிவிப்பாளர் ஒருமுறை சொல்வார். சொல்லி முடித்ததும் மேடையோரத்தில் நின்று தாமே ஒரு படம் எடுத்துக்கொள்வார். அத்துடன் விடயம் முடிந்துவிடும்.

பிற்பாதியில் நிலைமை வேறு. பாடகர் திரைப்பாடல் ஒன்றின் முதலடியைத் தொட்டதும் மண்டபத்தின் பாதி எழுந்துநின்றது. முற்பாதியில் ஒரு திரை இருந்த இடத்தில் எண்ண இயலாத திரைகள் ஒளிர்ந்தன. அவற்றுள் ஒன்றிலேனும் யாழ்ப்பாணத்து மூதாட்டி எவரும் இருந்ததாக நாம் காணவில்லை. பாடகரைப் பின்னணியாக வைத்துத் தம் முகத்தையே பதிந்துகொண்டிருந்தவர் சிலர். பதிந்ததை அந்த இடத்திலேயே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பார்த்தாயிற்றா என்று மறுமொழிக்குக் காத்திருந்தவர் சிலர். பாடல் முடிந்து கைதட்ட வேண்டிய இடத்திற் கைதட்டல் மெலிந்தே ஒலித்தது. ஒரு கையிற் கருவியிருந்தால் எப்படித் தட்டுவது?

டலஸ் சுற்றுவட்டாரத்திற் பிளானோ, பிரிஸ்கோ, அலன், இர்விங் என்று பரந்து வாழும் தமிழருள், தமிழகத்திலிருந்து கணினித் தொழிலுக்கு வந்தோரே பெரும்பாலோர். எமது குடும்பங்கள் அவர்களோடு கலந்து வாழும் சிறுதொகையே. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் போல வாரந்தோறும் நிகழ்ச்சிகள் இங்கில்லை. ஆண்டில் நாலைந்து நிகழ்ச்சிகள். பள்ளி மண்டபம் அல்லது கோவில் மண்டபம். தாய்மார் வீட்டிற் பொரித்துக் கொண்டுவரும் வடை. அரிதாகக் கிடைப்பதால் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பதற்றம் எம்மவரிடம் கூடுதலாக இருப்பது இயல்பே. அப்பதற்றத்தின் வேரைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கோவில் திருவிழாக்களில் இரவிரவாக மேளக்கச்சேரி கேட்டவர்கள் எம்முள் இன்னும் இருக்கின்றனர். வீதி மணலிற் பாயை விரித்து, விடியும்வரை நாகசுரமும் தவிலும் கேட்ட காலம் அது. அக்காலத்து ரசிகர்கள் அசையாது தவம் இருந்தார்கள் என்று சிலர் இப்போது எழுதுவதை நாம் நம்பவில்லை. கச்சான் உடைக்கும் சத்தம் ஒருபுறம், குழந்தையின் அழுகை ஒருபுறம், அரைத்தூக்கத்தில் இருந்தவரின் குறட்டை இன்னொருபுறம் என்றுதான் இருந்தது. எனினும் தவிற்காரர் ஒரு கோர்வையைச் சுழற்றிச் சமத்தில் இறக்கும் கணத்தில், நித்திரை கொண்டவனும் தலையசைத்தான். அவன் கை வெறுங்கையாக இருந்தது, தாளம் போட்டது.

இணுவிலிற் பிறந்து தவில் உலகையே வியக்கவைத்த யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி அவர்கள் 1975 ஆம் ஆண்டு, நாற்பத்திரண்டாவது வயதளவில் மறைந்துவிட்டார். அவரை நேரிற் கேளாத தலைமுறை அவர் வாசிப்பை அறிவது எவ்வாறு? எஞ்சிய ஒலிப்பதிவுகள் வழியாகவே. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் 2015 ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றபோது, அந்த ஒலிப்பதிவுகளைப் பேணிய முகந்தெரியாத கைகளுக்கு நாம் மனதார நன்றி சொன்னோம். ஆகவே பதிவதே குற்றம் என்று வாதிட எமக்கு வாய் வராது.

பின்னர் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1981 இல் யாழ். பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. தொண்ணூறுகளின் முற்பகுதியிற் குடாநாட்டுக்கு மின்சாரமில்லை. பொருளாதாரத் தடையிற் பற்றரியும் அகப்பட்டிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிச்சக்கரத்தைச் சுற்ற, டைனமோவில் எழுந்த மின்னைக் கொண்டு வானொலியில் ஒரு பாட்டுக் கேட்டோம். சுற்றுபவர் கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாளிரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது, கையில் எடுத்துச் செல்ல முடிந்தவை இரண்டொரு பைகளே. திருமணப் படத்தொகுப்பை அலுமாரிக்குள் விட்டுவந்தவர்கள் எத்தனை பேர்! தாயின் முகம் தெரியும் ஒரு படமேனும் இல்லாத குடும்பங்கள் எம்மிடையே இருக்கின்றன. இப்படி இழந்தவர்களிடம் போய், "படம் எடுக்காதே, மனத்திற் பதித்துக்கொள்" என்று உபதேசிப்பது எளிதன்று.

அதே தொண்ணூறுகளிற் புலம்பெயர்ந்த நாடுகளில் வீடியோ நாடா எமது கடிதமாயிற்று. அரங்கேற்றம், பூப்புனித நீராட்டு, திருமணம் எதுவாயினும் வீடியோக்காரர் ஒருவர் தோளிற் கருவியோடும் கண்ணைக் குருடாக்கும் வெளிச்சத்தோடும் வந்துநிற்பார். ஆட்கள் அவரைத் திட்டியதும் உண்டு. முதுகு முழுவதையும் காட்டிக்கொண்டு மணமக்களை மறைத்து நிற்பார் அல்லவா? ஆனால் மறைத்தவர் ஒருவர் மட்டுமே. அவர் எடுத்ததைப் படிகள் போட்டு இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்னைக்கும் அனுப்பினோம். ஐரோப்பாவிலிருந்து வந்த நாடா அமெரிக்கப் பெட்டியில் ஓடாது. பால் முறையிலிருந்து என்.ரி.எஸ்.சி. முறைக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பணமும் கொடுத்து, சாயம் மங்கிய அப்பிரதியை வீட்டிலே பத்துப் பேர் கூடியிருந்து பார்த்தோம். மூன்று மணித்தியாலமும் எழுந்திருக்காமற் பார்த்தோம்.

இன்று பதிந்தவற்றை அப்படிப் பார்க்கிறோமா?

2020 செப்டெம்பர் 25 இல் எஸ். பி. பாலசுப்பிரமணியம் காலமான செய்தி வந்த அன்று, நண்பர் ஒருவர் தமது பழைய கைத்தொலைபேசியைத் தேடியெடுத்து மின்னேற்றினார். அவரது கச்சேரியொன்றில் தாம் எடுத்த காட்சி அதில் இருந்தது. ஆர்வத்தோடு சுற்றியமர்ந்தோம். நாற்பது விநாடிகள் ஓடிற்று. முன்னால் இருந்தவரின் தலை, அவர் உயர்த்திய திரை, அதற்கப்பால் வெண்மையாய் ஒரு புள்ளி. அப்புள்ளிதான் பாடகர். குரலோ அவருடையதன்று, கூடவே பாடிய எமது நண்பருடைய குரல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. நண்பர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. "நேரில் எப்படிப் பாடினார்?" என்று அவர் மகன் கேட்டான். எந்தப் பாட்டு என்பதைத் தவிர வேறெதுவும் அவருக்கு நினைவில்லை.

இதற்கு ஆய்வொன்றும் சான்று சொல்கிறது. கனெக்ரிகட் மாநிலத்துப் பெயர்பீல்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லின்டா ஹென்கல் 2014 இல் வெளியிட்ட ஆய்வு அது. அருங்காட்சியகத்திற்கு மாணவரை அழைத்துச் சென்று, சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் செய்தார். மறுநாட் சோதித்தபோது, படமெடுத்த பொருள்களைப் பற்றிய நினைவு குறைந்திருந்தது. கருவி நினைவில் வைத்துக்கொள்ளும் என்று மனம் தன் வேலையைக் கைவிட்டுவிடுகிறது போலும். ஒரு விதிவிலக்கும் இருந்தது. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தோர்க்கு நினைவு அவ்வாறு குறையவில்லை. கூர்ந்து பார்க்க நேர்ந்ததே அதற்குக் காரணமாகலாம். அருங்காட்சியகமும் கச்சேரியும் ஒன்றல்லவாயினும், எமது நண்பரின் நாற்பது விநாடிகளை நினைக்கையில் இந்த ஆய்வு எம்மைச் சுடுகிறது.

கருவியின் இயல்பையும் சொல்லவேண்டும். இருண்ட மண்டபத்திற் கண் முற்றாகப் பழகுவதற்கு இருபது முப்பது நிமிடங்கள் வரை ஆகும். முன்வரிசையில் ஒரு திரை பளிச்சிட்டதும் அப்பழக்கம் கலைந்து, மேடை இருளில் அமிழ்கிறது. பத்தாம் வரிசையிலிருந்து மின்வெட்டொளி போடுவோரைக் காணுந்தோறும் எமக்குச் சிரிப்பு வரும். அவ்வொளி சில அடிகளுக்கு மேற் செல்லாது; முன்னால் இருப்பவரின் பிடரியை மட்டுமே அது ஒளிரச் செய்யும். மேடைக்கு அண்மையில் இருந்து போட்டாலோ ஆடும் பிள்ளையின் கண் கூசிக் கால் தடுமாறும். ஒலியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பேச்சுக் குரலுக்கென அமைந்த சிறு ஒலிவாங்கி, தவிலோசையைத் தாங்காமற் கரகரப்பாக்கிவிடும். கூட்டத்தின் நடுவே இருந்து எடுப்பதிற் சுருதி, சாகித்தியம் எதுவும் தேறாது.

இத்தொல்லை எம்மவருக்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ணவேண்டாம். 2012 சனவரி 10 ஆம் நாள் நியூ யோர்க்கின் பெரும் இசையரங்கொன்றில், நியூ யோர்க் பில்ஹார்மொனிக் குழுவினர் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை இசைத்துக்கொண்டிருந்தனர். ஓசை தேய்ந்து தேய்ந்து மௌனத்தோடு கலக்கும் இறுதிப் பகுதியில், முன்வரிசையில் ஓர் ஐபோன் மணியடிக்கத் தொடங்கிற்று. நிற்கவில்லை. நடத்துநர் அலன் கில்பேட் இசையையே நிறுத்திவிட்டு, அது அணையும்வரை காத்திருந்தார். அவையோர் கொதித்தெழுந்தனர். பின்னர்தான் விடயம் வெளிவந்தது. அக்கருவியின் உரிமையாளர் பல்லாண்டுகளாக அக்குழுவின் கச்சேரிகளுக்கு வரும் முதியவர். அலுவலகத்தார் முதல்நாள்தான் அதை அவருக்குக் கொடுத்திருந்தனர். ஒலியை நிறுத்தியும் வைத்திருந்தார். ஆனால் நினைவூட்டும் அலாரம் மட்டும் ஒலியை நிறுத்தினாலும் அடிக்கும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. எமது வாசகர்களிலும் பலர் இதை அறியாதிருக்கலாம். கச்சேரிக்கும் கோவிலுக்கும் செல்கையிற் கருவியை முற்றாக அணைப்பதே பாதுகாப்பு.

அடுத்த ஆண்டு, 2013 யூன் மாதத்தில், ஜேர்மனியின் எசன் நகரில் போலந்து நாட்டுப் பியானோ மேதை கிறிஸ்ரியன் சிமர்மன், தம்மை ஒருவர் படமெடுப்பதைக் கண்டு வாசிப்பை நிறுத்தி, மேடையை விட்டே வெளியேறினார். சிறிது நேரத்தில் திரும்பிவந்து வாசித்து முடித்தார். இசையை யூரியூப் அழித்துவருகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அந்த இசை ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறதே என்று சொல்லி நிறுவனங்கள் தமக்கு ஒலிப்பதிவு வாய்ப்புகளை மறுத்ததாகவும் அவர் சொன்னார். எமது மேடைகளில் வாசிக்கும் மிருதங்கக் கலைஞரிடமோ வயலின் கலைஞரிடமோ நாம் எவரும் அனுமதி கேட்டதுண்டா? அவர் அன்று காய்ச்சலோடு வாசித்திருக்கலாம். அந்த ஒரு பிசகிய தாளம் அவர் பெயரோடு காலமெல்லாம் இணையத்தில் நிற்கும்.

இக்காலத்தில் இதுவும் ஒரு வணிகமாகிவிட்டது. கிரஹாம் டூகோனி என்பவர் 2014 இற் சான் பிரான்சிஸ்கோவிற் தொடங்கிய யொண்டர் நிறுவனம், கைத்தொலைபேசியைப் பூட்டி வைக்கும் துணிப்பையை உருவாக்கியது. வாசலில் உமது கருவியைப் பையிலிட்டுக் காந்தப் பூட்டினாற் பூட்டி உம்மிடமே தருவர். வெளியேறும்போது ஒரு தட்டிற் தட்டினாற் திறக்கும். அவசரமென்றால் முன்கூடத்திற்குச் சென்று திறந்து பேசலாம். பொப் டிலன் தமது அண்மைக்காலக் கச்சேரிகள் பலவற்றில் இம்முறையைக் கைக்கொண்டார். 2022 மார்ச் மாதத்தில் இர்விங்கிலும் அவர் பாடினார். பிளானோவிலிருந்து அரைமணிப் பயணத் தூரம்.

அவ்வளவு தூரம் போவானேன்? எமது வீட்டிலேயே பாருங்கள். ரெக்சாஸ் சட்டமன்றம் 2025 இல் நிறைவேற்றிய 1481 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மாநிலத்தின் அரச பள்ளிகளிற் பள்ளிநேரம் முழுவதும் மாணவர் கைத்தொலைபேசியைப் பயன்படுத்தலாகாது. மருத்துவத் தேவை போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. பிளானோப் பள்ளிகளும் அவ்வாண்டு ஓகஸ்ட் தொடக்கம் இதற்கு உட்பட்டன. வார நாட்களில் ஏழெட்டு மணித்தியாலம் கருவியின்றி இருக்கப் பழகிய அதே பிள்ளை, சனிக்கிழமை மேடையேறி நிமிர்ந்து பார்க்கையில், அவையில் இருக்கும் பெரியவர் எல்லோர் கையிலும் கருவி. பிள்ளை என்ன நினைக்கும்? பாட்டு ஆசிரியை ஒருவர் எம்மிடம் சொன்னார்: மேடையில் ஏறிய பிள்ளை முதலில் தேடுவது தாயின் முகத்தை, பிழைவிட்டாற் தேடுவதும் அதே முகத்தைத்தான். இப்போது அந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரமே தெரிகிறது. சதுரம் தலையசைக்குமா? "பயப்படாதே, பாடு" என்று கண்காட்டுமா?

எமது சமூகத்திற்கேயுரிய இன்னொரு பக்கமும் உண்டு. அதைத் தாழ்ந்த குரலிலேதான் சொல்லவேண்டும். வழக்கு முடியாதவர், ஊரிலே உறவினரை விட்டுவந்தவர், தாம் எங்கே யாரோடு இருக்கிறார் என்று வெளியே தெரியக்கூடாதென அஞ்சுபவர் எமது அவைகளில் இருக்கின்றனர். பாட்டுக் கேட்க வந்தவரின் முகம், மறுநாட் காலை முன்பின் அறியாத ஒருவரின் முகநூற் பக்கத்திற் பெயரோடு வந்துவிடுகிறது. அன்றைய இசைமாலையிலும் ஓர் இளைஞர் பிற்பாதி தொடங்கியதும் எழுந்து கடைசி வரிசைக்குச் சென்று, தூணின் மறைவில் நின்றே கேட்டார். ஏன் என்று கேட்டோம். "எல்லாப் பக்கத்தாலையும் படம் எடுக்கினம், அண்ணை. எதுக்குப் பிரச்சினை?" என்றார். ஆமிக்காரனின் கண்ணிற் படாமல் ஒதுங்கப் பழகிய பிள்ளை, இங்கே எம்மவரின் கைத்தொலைபேசிக்கு ஒதுங்கவேண்டியதாயிற்று. கருவியை உயர்த்துபவர் இதை நினைப்பதில்லை, நினைக்க வேண்டும்.

இனி என் செய்வது? பையிற் பூட்டுவது எமக்குப் பொருந்தாது. அது செலவு, அதற்கும் மேலாக, ஊரிலிருந்து எந்நேரம் என்ன செய்தி வருமோ என்று இருபது முப்பது ஆண்டுகள் தொலைபேசியோடு வாழ்ந்த மனிதரிடம் அதைப் பறிப்பது கொடுமை. முற்றாகத் தடைசெய்தால் அந்த அம்மம்மாவுக்கு யார் மறுமொழி சொல்வது?

இவ்விடத்தில் அமெரிக்கரிடமிருந்தே கற்கத்தக்க ஒன்றுண்டு. கிரேற்புல் டெட் என்னும் கலிபோர்னிய இசைக்குழுவின் ரசிகர், கச்சேரிகளிற் கருவிகளைக் கொண்டுவந்து ஒலிப்பதிவு செய்வது வழக்கம். ஒலிவாங்கிகளை உயரத் தூக்கி மற்றவர் பார்வையை மறைக்கிறார்கள் என்ற முறைப்பாடு எழுந்தது. குழுவினர் தடை போடவில்லை. 1984 இல், ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் பதிவோருக்கென்றே தனியிடம் ஒதுக்கினர். பதிவோர் அங்கே, கேட்போர் முன்னே. அப்பதிவுகள் ரசிகரிடையே கைமாறிப் பரவின. குழுவின் புகழும் பரவிற்று.

இதையொட்டி எமது கருத்தைச் சில ஒழுங்கமைப்பாளரிடம் சொன்னோம். மண்டபத்தின் பின்புறத்தில் ஒரு நல்ல கருவியை முக்காலியில் நிறுத்தி, ஒலிமேசையிலிருந்தே ஒலியை எடுத்து ஒருவர் பதியட்டும். மேடையை மட்டும் பதியட்டும். அவையோரின் முகத்தை அன்று. கலைஞரிடம் முன்கூட்டிக் கேட்டுப் பெற்றோருக்கு மட்டும் பகிரட்டும். அதுவும் இரண்டு மாதம் கழித்தன்று, இரண்டு நாளில். பெற்றோர் ஒவ்வொருவரும் கையை உயர்த்துவதற்கு முதற்காரணமே, பொதுப்பதிவு கைக்கு வராது என்ற அவநம்பிக்கைதான். முன்பொருமுறை நிகழ்ச்சியொன்றின் பதிவுக்குப் பணம் கட்டி, ஆண்டொன்றாகியும் அது கிடைக்காத குடும்பத்தை நாம் அறிவோம். அவர்களைக் குறைசொல்ல முடியுமா? நேரலையாக ஊருக்குக் காட்ட வேண்டியவர்க்கு, பக்கச்சுவரோரம், எவரையும் மறைக்காத இடத்தில், இரண்டு மூன்று சிறு முக்காலிகள் இருக்கட்டும். பிற்பாதியில் எழும் திரைக்காட்டுக்கு மட்டும் கண்டிப்பு வேண்டும் என்றோம். ஒரு பாட்டுக்கு எடுக்கட்டும். பாடகரே அந்தப் பாட்டு எதுவென்று சொல்லட்டும். ஒழுங்கமைப்பாளருள் ஒருவர், "நுழைவுச்சீட்டு எடுத்து வருபவரை எப்படித் தடுப்பது?" என்று கேட்டார். பின்வரிசையில் இருப்பவரும் நுழைவுச்சீட்டு எடுத்துத்தானே வந்தார் என்றோம். அவர் மறுமொழி சொல்லவில்லை, ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை.

எனினும், திசெம்பரில் நடந்த சிறுவர் நிகழ்ச்சியொன்றில் அரைமனத்தோடு இதைச் செய்து பார்த்தனர். பின்னால் ஒரு கருவி, பக்கச்சுவரோரம் இரண்டு முக்காலிகள். அறிவிப்பாளர் தமது கருவியைச் சட்டைப்பையிற் போட்டதை நாம் கண்ணாற் கண்டோம். முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. நாலைந்து கைகள் உயர்ந்தன. ஒரு தந்தையார் நடைபாதையில் முழந்தாளிட்டிருந்தே எடுத்தார். ஆனால் முதல் உருப்படி முடிந்ததும் எழுந்த கைதட்டலை அந்த மண்டபம் நெடுநாட் கேட்டிருக்காது.

முன்னர் நாம் கண்ட தாயாரும் வந்திருந்தார். கருவியைச் சுவரோர முக்காலியிற் பொருத்திவிட்டு, மூன்றாம் வரிசைக்கு வந்து, மடியிற் கைகளைக் கோத்தபடி அமர்ந்தார். மகள் பாடினாள். இடையில் ஒருமுறை சரணத்தில் இடறியபோது தாயை நோக்கினாள், தாய் தலையசைத்தார், பிள்ளை அவ்வடியை மீளப் பாடினாள். குளிர்காலத்திற் கடிகாரம் மாறியதால் யாழ்ப்பாணத்திற்கு இப்போது பதினொன்றரை மணித்தியால வேறுபாடு. அங்கே ஞாயிறு காலை.

நிகழ்ச்சி முடிந்ததும் தாயார் முக்காலியருகே விரைந்தார். நாமும் பின்சென்று, படம் எப்படியிருந்தது என்று கேட்கச் சொன்னோம்.

"படம் ஆடாமல் வடிவாத்தான் தெரிஞ்சுது, பிள்ளை. அவள் நல்லாப் பாடினவள்," என்றார் மூதாட்டி. "ஆனா உன்ரை மூச்சுச் சத்தம் கேக்கேல்லை. நீ எங்கை இருந்தனி?"

அடுத்த நிகழ்ச்சிக்கு அந்த முக்காலியின் பக்கத்திலேயே தமக்கு ஓர் ஆசனம் வேண்டுமென அத்தாயார் கேட்டிருக்கிறார். ஒதுக்கித் தருவதாக ஒழுங்கமைப்பாளரும் சொல்லியிருக்கின்றனர்.